வரியும் வாக்கும்: ஃபுன்மிலாயோ ரான்சம் குட்டி

நுழையும்முன்

ஆப்பிரிக்க நாடுகள் ஒன்றுகூடி, பெண்களின் உரிமைகளுக்கென 2003ஆம் ஆண்டில் ஓர் ஒப்பந்தத்தை இயற்றின. கல்வி, சொத்து, ஊதியம், ஆட்சி எனப் பலவற்றைப் பேசும் அவ்வொப்பந்தத்தில், வரிச்சட்டங்கள் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாகவே நடைமுறைப்படுத்தப்படவேண்டும் என்னும் விதியும் இடம்பெற்றுள்ளது. பெரும் உரிமைகளுக்கு நடுவே வரி பற்றிய இச்சிறு விதி எதற்கு என்னும் ஐயம் எழலாம். நைஜீரிய நகரம் ஒன்றின் சந்தையில் வணிகம் செய்த பெண்களும், அவர்களோடு தோள்சேர்ந்து நின்ற ஆசிரியை ஒருவரும் நடத்திய போராட்டத்தை அறிந்தால் அவ்விதியின் பொருள் விளங்கும்.

பாறையடி நகரம்

மேற்கு ஆப்பிரிக்காவில், ஓகுன் ஆற்றங்கரையில் அமைந்துள்ளது அபெயோகுட்டா என்னும் நகரம். பாறையின் அடியில் உள்ள ஊர் என்பது அப்பெயரின் பொருள். போரினால் இடம்பெயர்ந்த எக்பா மக்கள், ஏறத்தாழ 1830ஆம் ஆண்டளவில் ஒலுமோ என்னும் பெரும்பாறையின் அடியில் அடைக்கலம் புகுந்து இந்நகரை உருவாக்கினர். எக்பா மக்கள் யொருபா இனத்தின் ஒரு பிரிவினர். அவர்களுடைய மன்னருக்கு அலாக்கே என்பது பட்டப்பெயர்.

இந்நகரில் 1900ஆம் ஆண்டு அக்டோபர் 25ஆம் நாள் ஃபுன்மிலாயோ பிறந்தார். இவருடைய முன்னோர் அடிமை வணிகத்தின் கொடுமையை நேரில் கண்டவர்கள். சியரா லியோன் நாட்டில் விடுதலை வாழ்வு பெற்றுத் தாயகம் திரும்பியவர்கள். தந்தை வேளாண்மையும் பனைப்பொருள் வணிகமும் செய்தார். தாய் தையற்கலை வல்லவர். பெண்குழந்தையைப் பள்ளிக்கு அனுப்புவது அரிதாக இருந்த காலத்தில், மகளின் கல்வியில் பெற்றோர் இருவரும் அக்கறை காட்டினர். 1914ஆம் ஆண்டில் அபெயோகுட்டா உயர்நிலைப்பள்ளி முதன்முறையாகப் பெண்களுக்குக் கதவு திறந்தபோது, அங்குச் சேர்ந்த முதல் மாணவியருள் இவரும் ஒருவர்.

மேற்கல்விக்காக 1919ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்றார். ஞானப்பெயராக இடப்பட்ட பிரான்சிஸ் அபிகெயில் என்னும் ஆங்கிலப் பெயரை அங்கேயே துறந்து, ஃபுன்மிலாயோ என்னும் யொருபா பெயரை மட்டுமே வழங்கலானார். ஆளும் நாட்டின் கல்வியைப் பெற்றுக்கொண்ட அவர், அந்நாட்டின் பெயரைச் சுமக்க விரும்பவில்லை. 1922ஆம் ஆண்டு தாயகம் திரும்பித் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியப் பணியை ஏற்றார். 1925ஆம் ஆண்டில் இஸ்ரேல் ரான்சம் குட்டி என்னும் ஆசிரியரை மணந்தார். சமயக் குருவாகவும் விளங்கிய அவர், பின்னாளில் நைஜீரிய ஆசிரியர் சங்கத்தின் முதல் தலைவரானார். மனைவியின் பொதுவாழ்வுக்கு அவர் இறுதிவரை துணைநின்றார். டொலுப்போ என்னும் மகளும், ஒலிக்கோயே, ஃபெலா, பெக்கோ என்னும் மகன்களும் இவர்களுக்குப் பிறந்தனர்.

மங்கையர் மன்றம்

1932ஆம் ஆண்டில் அபெயோகுட்டா மங்கையர் மன்றம் தோன்றியது. ஃபுன்மிலாயோ அதனை முன்னின்று நடத்தினார். உறுப்பினர் அனைவரும் படித்தவர்கள், வசதியான குடும்பத்தினர். தையல், சமையல், அறப்பணி ஆகியவையே மன்றத்தின் தொடக்ககாலச் செயல்கள். நகரில் முதன்முதலாகக் கார் ஓட்டிய பெண் என்று பெயர்பெற்ற ஃபுன்மிலாயோவும் அந்நாளில் அவ்வுயர்குடி வட்டத்துள் ஒருவராகவே இருந்தார். மன்றத்துக்குச் சிறிது தொலைவிலேயே நகரின் பெருஞ்சந்தைகள் இருந்தன. அங்கு அரிசியும் துணியும் எண்ணெயும் விற்ற பெண்களுக்கும் மன்றத்துப் பெண்களுக்கும் இடையே பேச்சும் பழக்கமும் அரிதாகவே இருந்தன.

இவ்விடைவெளியை எழுத்து நிரப்பியது. எழுதப் படிக்கக் கற்க விரும்பிய சந்தைப் பெண் ஒருவர் 1944ஆம் ஆண்டில் ஃபுன்மிலாயோவுக்கு அறிமுகமானார். அவரைத் தொடர்ந்து மேலும் பல பெண்கள் வந்தனர். எழுத்தறிவு வகுப்புகள் பெருகின. கற்பிக்க அமர்ந்த ஆசிரியை, தம் மாணவியரின் வாழ்க்கையைக் கற்கத் தொடங்கினார்.

அப்போது இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. படைக்கு உணவு திரட்டுதல் என்னும் பெயரில், சந்தைப் பெண்கள் விலைகொடுத்து வாங்கிவந்த அரிசியை அதிகாரிகள் பறிமுதல் செய்தனர். முதலை இழந்த பெண்கள் யாரிடம் முறையிடுவது என்று அறியாது தவித்தனர். வகுப்பறையில் இக்குறை வெளிப்பட்டபோது, மன்றம் அதனைத் தன் குறையாக ஏற்றது. அதிகாரிகளிடம் முறையிட்டது, செய்தித்தாள்களின் வழியே உலகறியச் செய்தது. பறிமுதல் நின்றது. எழுத்தும் ஒற்றுமையும் சேர்ந்தால் அதிகாரம் இறங்கிவரும் என்பதைச் சந்தைப் பெண்கள் கண்டனர். மன்றம் யாருக்காக இயங்கவேண்டும் என்பதைப் படித்த பெண்கள் உணர்ந்தனர்.

1946ஆம் ஆண்டில் மன்றம் அபெயோகுட்டா மகளிர் சங்கமாக மாறியது. எழுத்தறிவோ செல்வமோ உறுப்பினராவதற்குத் தகுதியாகக் கருதப்படவில்லை. ஏறத்தாழ 20,000 பெண்கள் அதில் உறுப்பினராயினர். அதுமுதல் ஃபுன்மிலாயோ மேலைநாட்டு உடையைக் கைவிட்டுச் சந்தைப் பெண்களைப் போலவே யொருபா உடையை உடுத்தினார். கூட்டங்களில் யொருபா மொழியிலேயே பேசினார். ஆங்கில அதிகாரிகள் முன்னிலையிலும் தம் தாய்மொழியிலேயே உரையாற்றினார்; அவர்கள் மொழிபெயர்ப்பாளரை நாடவேண்டியதாயிற்று. ஆங்கிலம் நன்கறிந்த ஒருவர் இவ்வாறு செய்ததற்குக் காரணம் உண்டு. தம்மைப் பற்றிய பேச்சு தமக்கே புரியாத நிலை, அவையில் அமர்ந்திருந்த எந்தப் பெண்ணுக்கும் நேரக்கூடாது என அவர் கருதினார்.

தலைமேல் ஏறிய வரி

ஆங்கிலேயர் நைஜீரியாவை மறைமுக ஆட்சி முறையில் ஆண்டனர். மரபுவழி மன்னர்களை முன்னிறுத்தி, அவர்கள் வழியே வரி தண்டி நிருவாகம் நடத்துவது அம்முறையாகும். 1920ஆம் ஆண்டு முதல் அபெயோகுட்டாவின் அலாக்கேயாக இருந்தவர் இரண்டாம் அடெமோலா. முன்னாளில் அலாக்கேயின் அதிகாரத்தைக் கட்டுப்படுத்தக் குடித்தலைவர்களின் அவை இருந்தது. பெண்களின் சார்பில் இயாலோடே என்னும் தலைவி அவ்வவையில் இடம்பெற்றிருந்தார். அங்காடித் தகராறுகளைத் தீர்ப்பதிலும் ஆட்சி முடிவுகளை எடுப்பதிலும் அவருக்குப் பங்கிருந்தது. ஆங்கிலேயரின் ஆட்சியில் மன்னர் தனியதிகாரம் பெற்றார். இயாலோடேயின் செல்வாக்குத் தேய்ந்தது. பெண்கள் அவையை இழந்தனர். அவர்களுக்கு எஞ்சியது வரி மட்டுமே.

எக்பா நாட்டில் 1918ஆம் ஆண்டில் நேரடி வரி விதிக்கப்பட்டது. மனைவி தன் கணவனின் வரியில் அடங்காமல், தனியே வரி செலுத்தவேண்டும். வருவாய் உண்டா, இல்லையா என்பது கேட்கப்படவில்லை. ஆண்பிள்ளைகளைவிட இளைய வயதிலேயே, அதாவது 15 வயதிலேயே பெண்பிள்ளைகள் வரிக்கு உரியவராயினர். வரி தண்டுவோர் வீடு புகுந்தனர். வயதைக் கணிக்கிறோம் என்று கூறி இளம்பெண்களை இழிவுபடுத்தினர். செலுத்தத் தவறியோர் சிறை சென்றனர். இவற்றுடன் சந்தைக் கட்டணங்களும் தண்டத்தொகைகளும் சேர்ந்தன. இவ்வளவு செலுத்தியும் பெண்களுக்கு வாக்குரிமை இல்லை. நகரின் ஆட்சிக்குழுவில் ஓர் இருக்கையும் இல்லை.

ஃபுன்மிலாயோ இச்செய்திகளைக் கடல்கடந்தும் கொண்டுசென்றார். புதிய அரசியலமைப்பை எதிர்த்து முறையிடுவதற்காக 1947ஆம் ஆண்டில் நைஜீரியத் தேசியவாதிகளின் குழு ஒன்று லண்டன் சென்றது. எழுவர் அடங்கிய அக்குழுவில் இவர் ஒருவரே பெண். அங்கிருந்தபோது, லண்டன் செய்தித்தாள் ஒன்றில் நைஜீரியப் பெண்களின் நிலை குறித்துக் கட்டுரை எழுதினார். ஆங்கிலேயர் வருகைக்கு முன் பெண்களுக்குச் சொத்தும் வணிகமும் அரசியல் செல்வாக்கும் இருந்தன என்றும், அயலாட்சியே அவற்றைக் குறைத்தது என்றும் அதில் வாதிட்டார். கட்டுரை தாயகத்தில் சினத்தை எழுப்பியது. நாட்டை இழிவுபடுத்திவிட்டார் என்று சிலர் சாடினர். அபெயோகுட்டாவின் பெண்களோ அவர் எழுதியது உண்மையே என்று அவர் பக்கம் நின்றனர்.

அரண்மனை வாயிலில்

பெண்கள் முதலில் மனு எழுதினர். வரியை உயர்த்தாதிருக்குமாறு வேண்டினர். பின்னர் முற்றிலும் நீக்குமாறு கேட்டனர். கணக்காளர் ஒருவரை அமர்த்தி, மன்னரின் நிருவாகக் கணக்குகளை ஆராயச் செய்தனர். வரிப்பணம் எங்கே செல்கிறது என்று வரி செலுத்துவோர் கேட்கலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். மனுக்களுக்குப் பயன் கிட்டவில்லை.

தெரிந்து தெளிவோம்

நைஜீரியாவின் தென்கிழக்குப் பகுதியில், தங்கள் மீது வரி விதிக்கப்படும் என்னும் அச்சத்தால் இக்போ இனப் பெண்களும் அவர்தம் அண்டை இனப் பெண்களும் 1929ஆம் ஆண்டில் பெருந்திரளாக எழுந்தனர். அவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடத்தப்பட்டதில் 50க்கும் மேற்பட்ட பெண்கள் உயிரிழந்தனர். இப்போராட்டம் பெண்கள் போர் என்று வரலாற்றில் வழங்கப்படுகிறது.

அப்பெண்கள் சிந்திய குருதியின் நினைவு மறையாத காலத்தில்தான் அபெயோகுட்டாவின் பெண்கள் வீதிக்கு வந்தனர். 1947ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அரண்மனை முன் திரண்டனர். அன்று சந்தைகள் வெறிச்சோடின. மன்னரைச் சாடும் பாடல்களைத் தாமே புனைந்து பாடியபடி, பெண்கள் இரவும் பகலும் அங்கேயே தங்கினர். டிசம்பரில் மீண்டும் கூடினர். ஊர்வலத்துக்கு இசைவு மறுக்கப்பட்டபோது, ஃபுன்மிலாயோ அதனைத் திருவிழா என்றும் கூட்டாஞ்சோறு என்றும் பெயர்மாற்றி நடத்தினார். விழா கொண்டாடத் தடைவிதிக்கும் சட்டம் எதுவும் இல்லை. கண்ணீர்ப்புகைக் குண்டு வீசப்பட்டால் என்ன செய்வது என்பதைத் தம் வீட்டு முற்றத்தில் பெண்களுக்குக் கற்பித்தார். அவர் சினத்தை அடக்கச் சொல்லவில்லை, ஒழுங்குபடுத்தச் சொன்னார்.

அதிகாரிகளின் அதட்டலுக்கு அவர் பணியவில்லை. பெண்களை இழிவாகப் பேசிய ஆங்கில அதிகாரி ஒருவரிடம், பெற்ற தாயிடமும் இவ்வாறுதான் பேசுவாரா என்று திருப்பிக் கேட்டார் எனச் சொல்லப்படுகிறது. எக்பா மக்களின் பழங்கால வீரரான லிசாபியின் பெயரோடு சேர்த்து, லிசாபியின் பெண்சிங்கம் என்று மக்கள் அவரைப் போற்றினர்.

போராட்டம் ஓராண்டுக்கும் மேலாகத் தொடர்ந்தது. மன்னரை ஆதரித்துவந்த குடித்தலைவர்களும் அவரைக் கைவிட்டனர். அலாக்கே நகரைவிட்டு நீங்கி, 1949ஆம் ஆண்டு ஜனவரியில் அரியணை துறந்தார். பெண்கள் மீதான தனிவரி நீக்கப்பட்டது. சீரமைக்கப்பட்ட ஆட்சிக்குழுவில் பெண்களுக்கும் இடம் கிடைத்தது. ஃபுன்மிலாயோவும் அதில் அமர்ந்தார். 1950ஆம் ஆண்டு இறுதியில் அடெமோலா மீண்டும் அரியணை ஏறினார். ஒருமுறை பெற்ற வெற்றி என்றும் நிலைத்திருக்கும் என்னும் உறுதி இல்லை என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. நிலைத்த உரிமைக்கு நாடு தழுவிய வாக்குரிமை வேண்டும் என்பதில் ஃபுன்மிலாயோ மேலும் உறுதிகொண்டார்.

நகரிலிருந்து நாட்டுக்கு

1949ஆம் ஆண்டில் அபெயோகுட்டா மகளிர் சங்கம் நைஜீரிய மகளிர் சங்கமாக விரிந்தது. பல ஊர்களில் கிளைகள் தோன்றின. 1953ஆம் ஆண்டில் நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் வந்த பெண் பிரதிநிதிகள் அபெயோகுட்டாவில் கூடி, நைஜீரிய மகளிர் அமைப்புகளின் கூட்டமைப்பை உருவாக்கினர். வயதுவந்த பெண்கள் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும். சட்டமன்றங்களில் பெண்களுக்கு உரிய இடம் வேண்டும் என்பன அவர்களின் முதன்மைக் கோரிக்கைகள்.

இக்கோரிக்கைகள் எளிதில் நிறைவேறவில்லை. தேசிய இயக்கத்துக்குப் பெண்களின் உழைப்புத் தேவைப்பட்டது. ஆனால் வேட்பாளர் பட்டியலில் அவர்களுக்கு இடம்தரக் கட்சிகள் தயங்கின. 1951ஆம் ஆண்டுத் தேர்தலில் போட்டியிட்ட ஃபுன்மிலாயோ தோல்வியுற்றார். 1959ஆம் ஆண்டில் அவருடைய கட்சியே அவருக்கு வாய்ப்பளிக்க மறுத்தது. தனித்துப் போட்டியிட்டார், வெற்றி கிட்டவில்லை. நாட்டின் தென்பகுதிப் பெண்கள் 1950களில் வாக்குரிமை பெற்றனர். வடபகுதிப் பெண்களுக்கு அவ்வுரிமை 1976ஆம் ஆண்டில்தான் கிட்டியது. நாடு விடுதலை பெற்றது 1960ஆம் ஆண்டில். ஆக, நாட்டின் விடுதலைக்குப் பின்னும் வடபகுதிப் பெண்கள் 16 ஆண்டுகள் காத்திருந்தனர்.

எல்லை கடந்த பணி

உலக மகளிர் சனநாயகக் கூட்டமைப்பின் துணைத்தலைவராக ஃபுன்மிலாயோ தேர்ந்தெடுக்கப்பட்டார். ஐரோப்பா, சீனா, ஆப்பிரிக்க நாடுகள் எனப் பல இடங்களுக்கும் சென்று பெண்களின் நிலையைக் கண்டறிந்தார். பொதுவுடைமை நாடுகளுக்குச் சென்றமையால் ஆட்சியாளர் அவரை ஐயுற்றனர். 1957ஆம் ஆண்டில் அவருடைய கடவுச்சீட்டைப் புதுப்பிக்க மறுத்தனர். தாம் எக்கட்சிக் கோட்பாட்டுக்கும் அடிமையல்லர் என்றும், பெண்கள் கூடும் இடம் எதுவாயினும் அங்குச் செல்வது தம் கடமை என்றும் அவர் விளக்கினார். நாடு விடுதலை பெறும்வரை அத்தடை நீடித்தது.

பிற்காலத்தில் சிறப்புகள் அவரைத் தேடிவந்தன. நைஜீரிய அரசு 1965ஆம் ஆண்டில் தேசிய விருதளித்தது. இபாடன் பல்கலைக்கழகம் 1968ஆம் ஆண்டில் மதிப்புறு முனைவர் பட்டம் வழங்கியது. 1970ஆம் ஆண்டில் லெனின் அமைதிப் பரிசைப் பெற்றார்.

சிறப்புகளால் அவர் ஓய்ந்துவிடவில்லை. மகன் ஃபெலா புகழ்பெற்ற இசைக்கலைஞர். இராணுவ ஆட்சியைப் பாடல்களால் சாடியவர். 1977ஆம் ஆண்டு பிப்ரவரி 18ஆம் நாள், லாகோஸ் நகரில் ஃபெலாவின் இல்லத்தைப் படைவீரர்கள் சூழ்ந்து தாக்கினர். 76 வயதான ஃபுன்மிலாயோ மேல்மாடிச் சன்னல் வழியே வீசப்பட்டார். அக்காயங்களிலிருந்து மீளாமலேயே 1978ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் உயிர்நீத்தார். அவரைப் பாறையடி நகருக்குக் கொண்டுவந்தபோது பல்லாயிரவர் திரண்டனர். அரண்மனைக்கு எதிராக அன்று வெறிச்சோடிய சந்தைகள், இம்முறை அவருக்காக அடைக்கப்பட்டன.

கண்டம் ஏற்ற கொள்கை

அபெயோகுட்டாவில் எழுந்ததைப் போன்ற குரல்கள் கண்டத்தின் பல பகுதிகளிலும் எழுந்தன. மாலி நாட்டின் மருத்துவச் செவிலி அவுவா கெயிட்டா, கினி நாட்டின் ஆசிரியை ஜான் மார்த்தன் சிசே முதலியோர் தத்தம் நாடுகளில் பெண்களைத் திரட்டினர். 1962ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் ஆப்பிரிக்கப் பெண்களின் பிரதிநிதிகள் தார் எஸ் சலாம் நகரில் கூடிக் கண்டம் தழுவிய மகளிர் அமைப்பை நிறுவினர். ஆப்பிரிக்க நாடுகளின் தலைவர்கள் கூடி ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பை நிறுவியது அதற்கு அடுத்த ஆண்டு மே மாதத்தில்தான். கண்டத்தின் ஒற்றுமையை அரசுகளுக்கு முன்பே பெண்கள் அமைப்பாக்கிக் காட்டினர். ஜூலை 31ஆம் நாள் இன்றும் ஆப்பிரிக்க மகளிர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

எனினும், கண்டத்தின் முடிவுகள் எடுக்கப்படும் அவையில் பெண்களுக்கு இடம் கிடைக்க மேலும் நாற்பது ஆண்டுகள் ஆயின. அவ்வமைப்புக்கு மாற்றாக உருவான ஆப்பிரிக்க ஒன்றியம், ஆண் பெண் சமத்துவத்தைத் தன் அடிப்படைச் சட்டத்திலேயே கொள்கையாக ஏற்றது. 2003ஆம் ஆண்டில் ஒன்றியத்தின் ஆணையத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பதின்மரில் ஐவர் பெண்கள். அவ்வாண்டு ஜூலை 11ஆம் நாள், மொசாம்பிக் நாட்டின் மப்புட்டோ நகரில் பெண்கள் உரிமை ஒப்பந்தம் நிறைவேறியது. கண்டமெங்கும் உள்ள மகளிர் அமைப்புகள் பல ஆண்டுகள் வாதாடியதன் பயன் அது. 2005ஆம் ஆண்டு நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. பெரும்பாலான நாடுகள் அதனை ஏற்றுள்ளன. நைஜீரியாவும் அவற்றுள் ஒன்று.

முடிவெடுக்கும் எல்லா நிலைகளிலும் பெண்களுக்குச் சமமான இடம் வேண்டும் என்கிறது அவ்வொப்பந்தம். பெண்களிடையே எழுத்தறிவை வளர்க்குமாறு அரசுகளைப் பணிக்கிறது. சந்தையிலும் தெருவிலும் சிறுதொழில் செய்யும் பெண்களுக்குப் பாதுகாப்பு வழங்கச் சொல்கிறது. வரிச்சட்டம் இருபாலார்க்கும் சமமாக நடைமுறைப்படுத்தப்படவேண்டும் என்று விதிக்கிறது. ஃபுன்மிலாயோ மறைந்து 25 ஆண்டுகளுக்குப் பின் எழுதப்பட்ட விதிகள் இவை. எழுத்தறிவு வகுப்பு, பறிமுதலான அரிசி, தலைமேல் ஏறிய வரி, ஆட்சிக்குழுவில் மறுக்கப்பட்ட இருக்கை என அபெயோகுட்டாவின் பெண்கள் எதிர்கொண்ட ஒவ்வொன்றுக்கும் அவற்றில் மறுமொழி உள்ளது.

விதிகள் எழுதப்பட்டதனாலேயே நடைமுறைக்கு வந்துவிடுவதில்லை. ஒப்பந்தத்தை ஏற்காத நாடுகளும் உள்ளன. ஏற்றபின் தயங்கும் நாடுகளும் உள்ளன. நைஜீரிய நாடாளுமன்றத்தில் இன்றும் பெண்கள் மிகச் சிலரே. வரி செலுத்துவோர் அவையில் அமரவேண்டும் என்று அரண்மனை வாயிலில் அப்பெண்கள் தொடங்கிய வழக்கின் ஒரு பகுதி இன்னும் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறது.

கற்பவை கற்றபின்

1. மங்கையர் மன்றம் மகளிர் சங்கமாக மாறியதால் விளைந்த மாற்றங்களைத் தொகுத்து எழுதுக.

2. ஆங்கிலம் நன்கறிந்த ஃபுன்மிலாயோ, அதிகாரிகள் முன்னிலையில் யொருபா மொழியில் பேசியதன் காரணம் குறித்து வகுப்பில் கலந்துரையாடுக.

3. ஒரு சட்டம் எழுதப்படுவதற்கும் அது நடைமுறைக்கு வருவதற்கும் இடையே மக்கள் ஆற்றவேண்டிய பணி யாது? பாடப்பகுதியைச் சான்றாகக் கொண்டு கட்டுரை வரைக.